அப்பாவோட குரலும் மாப்பிள்ளை ஒட்டின படங்களும்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதறது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க அப்பாவுக்குத் தொண்டையில ஆப்பரேஷன் பண்ணின புண் ஆறிடுச்சு, சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடக்கு, காரணம் உங்க அக்கா புருஷன்.

ஆப்பரேஷனுக்கு அப்புறம் பேச்சு வராதுன்னு டாக்டர் முன்கூட்டியே சொன்னதால, தண்ணி வேணும், வலிக்குது, ஃபேனைப் போடுன்னு தினம் சொல்றதையெல்லாம் அப்பா குரல்லயே பதிஞ்சு வெச்சோமே, அதைத் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அடுக்கித் தர்றேன்னு வந்து நின்னார் மகராசன். ஒவ்வொரு ஃபைலுக்கும் தண்ணி, வலின்னு பேர் எழுதிடுங்கன்னேன். பேர் வைக்கிறதெல்லாம் பழைய காலம் அத்தைன்னு ஒரு இளிப்பு. பேருக்குப் பதிலா வெறும் நம்பர், மேல டம்ளர், ஃபேன், தலகாணின்னு குட்டிக் குட்டிப் படம், கூடவே என்ன வார்த்தை, எவ்வளவு அவசரம்னு கலர் கலரா குறிப்பு. நீயும் போன்ல அத்தான் பிரமாதம்னு சொன்னே, மறந்துடாதே.

அப்புறம் எல்லாத்தையும் அப்பாவோட டேப்லெட்டுக்கு மாத்தி, கையோட கம்ப்யூட்டரைச் சுத்தமா அழிச்சு ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயிட்டார். திறந்தா ஒரு படம் இல்ல, ஒரு குறிப்பு இல்ல, வரிசையா வெள்ளைக் காகிதம் மாதிரி வெறும் கட்டம், கீழ நம்பர். அதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரோட ஒட்டினதாம், இடம் மாறினா குரல் மட்டும்தான் கூட வருமாம். இது தெரியாம ஒரு மேதாவி. டாக்டர் வலி எப்படியிருக்குன்னு கேட்டார், அப்பா ஒண்ணை அமுக்கினார், கதவைச் சாத்திட்டுப் போன்னு அதட்டுச்சு. டாக்டர் சிரிச்சுட்டார். அப்பா டேப்லெட்டைக் கவுத்து வெச்சுட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், அப்புறம் அதைத் தொடவே இல்ல. சிஸ்டம் அப்படி அத்தை, மறுபடி ஒட்டித் தர்றேன், இந்தத் தடவை இன்னும் அழகா இருக்கும்னு மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொல்றார். அழகாம். உங்க அக்கா வேற அவருக்கு வக்காலத்து. டேப்லெட் மேல கை வெச்சா நடக்கறதே வேறன்னு அவர்கிட்ட சொல்லிட்டு, நானே ஒவ்வொண்ணா கேட்டு ஒத்தை விரலால பேர் அடிச்சேன். வலியை வழின்னு அடிச்சிருக்கேன்னு அப்பா ஜாடையில கிண்டல் பண்ணினார். ஆனா இப்ப தண்ணின்னா தண்ணி வருது, அவரும் நாள் பூரா என்னை ஏவிக்கிட்டிருக்கார், நிம்மதி.

கேட்டுக்கிட்டே வந்தப்ப நாங்க சேர்ந்து பதியாத ஒண்ணு கிடந்தது. ஆப்பரேஷனுக்கு முன்னாடி, நான் கடைக்குப் போன நேரத்துல தனியா பேசி வெச்சிருக்கார். ஏ தூங்குமூஞ்சி, எந்திரிடி, மணியாச்சுன்னு, நீ ஸ்கூல் போன காலத்துல எழுப்புவாரே, அதே தோரணை. அதுக்கு உன் பேரை எழுதி முதல்ல வெச்சேன். அப்பா பார்த்துட்டு, ரொம்ப நேரம் அதுமேல விரலை வெச்சிருந்தார், அமுக்கல.

நல்லா இருங்க ரெண்டு பேரும், நோய் நொடி அண்டாம. வேளைக்குச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை போன்ல அப்பா அதை அமுக்கப் போறார். அழுது தொலைக்காதே. அப்பல்லாம் எரிஞ்சு விழுவியே, அதே மாதிரி, இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பான்னு சொல்லு. பதிலுக்குத் திட்ட இன்னொண்ணும் அன்னிக்கே பதிஞ்சு வெச்சிருக்கார்.

உன் அம்மா