உன் ஜீப்பின் போல்ட்டுகள்

மாப்ளே,

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் விரல்களில் அந்த வாடை போகவில்லை. பழைய கிரீஸ், துரு, கூடவே ஏலக்காய்த் தூசி. இன்று காலை உன் வீட்டு வாசலில் ஜீப்புக்கு அடியில் வெகுநேரம் மல்லாந்து கிடந்தேன். எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நீ இருந்திருந்தால் கை கொடுக்காமல் நின்று சிரித்திருப்பாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னைப் பற்றி உட்கார்ந்து நினைத்ததில்லை, வேலை இருந்தது என்று வைத்துக்கொள்.

நாம் ஆறு பேர். போடியில் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஞாயிறு காலையில் கூடுவோம். எனக்கு லேத்துப் பட்டறை, உனக்கு மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு, மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு சோலி. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒரே கிறுக்குத்தான். எங்காவது ஒரு கொட்டகையில் பழைய கார் கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும். போய்ப் பார்த்து, அது எந்த நாட்டு வண்டி, எந்தக் காலத்து வண்டி என்று சொல்லாவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. பெயரை மட்டும் சொன்னால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். "பேரு கெடக்கட்டும், காரணத்தச் சொல்லு" என்பாய். தப்பாகச் சொன்னவன் அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்ற சட்டமும் நீ போட்டதுதான்.

போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் பார்த்த சின்னக் காரை நீ மறந்திருக்க மாட்டாய். அங்கிருந்த காவல்காரர் தார்ப்பாயை விலக்கிவிட்டு, "மகாராஜாவோட வண்டியாக்கும் சாரே" என்றார். நம் பக்கத்தில் பழைய கார் என்றால் அதில் ஒரு மகாராஜா ஏறியிருந்தே ஆக வேண்டும். நீ உள்ளே எட்டிப் பார்த்தாய். "அந்த மகாராசா மொழங்கால வெளிய போட்டுக்கிட்டுத்தான் போயிருப்பாரு" என்றாய். காவல்காரரே சிரித்துவிட்டார். முன்பக்கம், திரும்பும்போது மினுக்கும் விளக்கு இருந்ததை வைத்து, அவ்வளவு பழைய வண்டி இல்லை என்று நான் அடித்துப் பேசினேன். நீ கதவை ஒட்டிய தூணை விரலால் மேலும் கீழும் தடவினாய். பெயின்டுக்கு அடியில் நீளமாக ஒரு பள்ளம், பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் வண்டி திரும்பும்போது கை மாதிரி வெளியே நீளுமே, அந்தத் திசைகாட்டி இருந்த இடம். "வெளக்கு பெறகு எவனோ வச்சது மாப்ளே. மொதல்ல இதுல கை இருந்திருக்கு" என்றாய். அடுத்த ஞாயிறு டீ என் தலையில் விழுந்தது.

இப்படிப்பட்ட நீ உன் சொந்த வண்டியில் ஏமாந்தாய்.

உன் ஜீப்பு உன் அப்பா காலத்திலிருந்து மலையேறிய வண்டி. ராணுவம் கழித்துவிட்ட வண்டி என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். போர்க்காலத்தில் அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் ஒரே அச்சில் ஜீப்பு செய்தன, அதில் ஒரு கம்பெனி போல்ட்டுத் தலையில்கூடத் தன் பெயரின் முதல் எழுத்தான 'எஃப்'பைப் பொறித்தது என்பதெல்லாம் கையில் செல்போன் வந்த பிறகு தெரிந்துகொண்டவை. அதைப் படித்த அன்றே நீ துணியும் மண்ணெண்ணெயுமாக வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாய். நாங்கள் ஐந்து பேரும் சுற்றி நின்றோம். மட்கார்டில் ஒன்று, பம்பரில் ஒன்று என்று துடைக்கத் துடைக்க எழுத்து தெரிந்தது. "எங்கப்பன் வண்டி எஃப் வண்டிடா!" என்று கத்தினாய். இந்த மலையில் அப்படி இன்னொரு வண்டியை நாம் பார்த்ததில்லை. உன் கண் கலங்கியிருந்தது.

அந்த போல்ட்டுகளை எனக்குத் தெரியும்.

அதற்குப் பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் நீ வண்டியை என் பட்டறையில் விட்டுப் போனாய். "வெரசா முடிச்சு வையி மாப்ளே, விடிஞ்சா ஆளு ஏத்தணும்" என்று சொல்லியிருந்தாய். முன்பக்கத்து போல்ட்டுகள் துரு ஏறி, திருகத் திருக முறிந்தன. வெட்டிப் போட்ட வேறொரு ராணுவ ஜீப்பின் போல்ட்டுகள் என்னிடம் ஒரு பால் டின்னில் கிடந்தன. அளவு பொருந்தியது, மாட்டிவிட்டேன். தலையில் என்ன எழுத்து இருக்கிறது என்று அன்றைக்கு யார் பார்த்தார்கள்? நம் ஊர்ப் பட்டறைகளில் இது ஒரு குற்றமும் இல்லை. மலையேறும் எந்த ஜீப்பைப் பிரித்தாலும் உள்ளே நாலு ஜீப்பு இருக்கும்.

ஆனால் நீ துணியோடு குந்தியிருந்த அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் நடுவில், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ வண்டிக்கு 'எஃப் வண்டி' என்று பெயர்ப்பலகை எழுதக் கொடுத்துவிட்டு வந்து நின்றாய்.

உண்மையான அடையாளம் ரேடியேட்டருக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில் இருக்கிறது. எஃப் வண்டியில் அது தட்டை, மற்றதில் உருண்டைக் குழாய். உன் வண்டியில் தட்டையாகத்தான் தெரிந்தது. ஆனால் பாரம் தாங்குவதற்காக அந்த இடத்தில் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைப்பது மலை ஜீப்புகளின் வழக்கம். உன் அப்பாவும் வைத்திருந்தார். தகட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்க்க உனக்குத் தோன்றவில்லை, ஆசை அப்படி. எனக்குத் தோன்றியது. நான் தடவவில்லை.

மதுரையில் பழைய வண்டிகளின் கண்காட்சிக்கு நாம் இரண்டு பேரும் அந்த ஜீப்பில் போனோம். வண்டிகளைப் பார்வையிட வந்த பெரியவர் ஒருவர், பட்டாளத்தில் இருந்தவராம், உன் பம்பருக்கு முன்னால் குனிந்தார். நான் சற்றுத் தள்ளி மோர் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் தகட்டுக்குப் பின்னால் கையை விட்டதைப் பார்த்தேன். எழுந்து உன் காதோடு என்னவோ சொன்னார். நீ தலையாட்டினாய். நான் மோரோடு வந்தபோது பலகையைக் கழற்றி உள்ளே வைத்திருந்தாய். "வெயிலுக்கு எழுத்து வெளுத்துரும்" என்றாய். நான் "ஆமா" என்றேன். உசிலம்பட்டி தாண்டி, தேனி தாண்டி, போடி வரும்வரை நீ ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு நீ எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தாய். "எதுக்குடா?" என்று ஒருவர் கேட்டார். "சும்மாதான்" என்றாய். நானும் வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஜீப்பு தார்ப்பாய்க்குள் போய்விட்டது. கிளட்சு சரியில்லை என்று சொல்லிக்கொண்டாய். நீ இதய நோயில் விழுந்து டீக்கடைக்கு வர முடியாமல் போன பிறகு, ஞாயிறுதோறும் நான் உன் வீட்டுக்கு வந்தேன். ஏறத்தாழ மூன்று வருடம், ஒரு ஞாயிறு தவறாமல். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன வாரம் உன் வீட்டுக்காரி கூப்பிட்டாள். கோயம்புத்தூரில் பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவர் ஜீப்பைக் கேட்கிறாராம். அது எந்தக் கம்பெனி வண்டி என்று தெரிந்த ஆள் எழுதித் தர வேண்டுமாம். "எதுன்னாலும் அண்ணன்ட்டதான் கேக்கணும்னு அவரு சொல்லியிருக்காருண்ணே" என்றாள்.

அதனால்தான் இன்று காலை படுத்தேன். தகட்டுக்குப் பின்னால் கையை விட்டேன். உருண்டைக் குழாய். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கை அங்கேயே நின்றுவிட்டது.

வெளியே வந்து, முகத்தைத் துடைப்பதுபோல் துண்டால் மூடிக்கொண்டு, அவளிடம் சொன்னேன். "தங்கச்சி, இது எஃப் வண்டி இல்ல. அந்த போல்ட்டு பூராம் நான் மாட்டுனது. மாப்ளேட்ட சொல்லாமயே இருந்துட்டேன்."

அவள் திடுக்கிடவில்லை. "தெரியும்ணே" என்றாள்.

"மதுரைலருந்து வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு. 'வேற எங்க மாட்டுனது, அவன் பட்டறைல மாட்டுனதுதான். நம்மளாப் போயிக் கேட்டா அவன் மொகம் சுருங்கிப்போவும். அவனே வந்து சொல்லட்டும்'னாரு. அதுக்குத்தான்ணே, நீங்க ஞாயித்துக்கெழம வந்தா காப்பிய வச்சிட்டு நான் உள்ள போயிருவேன். ரெண்டு பேரும் பேசட்டும்னு."

மாப்ளே, நீ எதிரே கட்டிலில் சாய்ந்திருப்பாய். நான் மழையைப் பற்றிப் பேசுவேன், தேவாரம் பக்கம் யானை இறங்கியதைப் பற்றிப் பேசுவேன். நீ "அப்பறம்?" என்பாய். பேச்சு ஓய்ந்த பிறகும் ஒரு தடவை "அப்பறம்?" என்பாய். "அப்பறமென்ன, வர்றேன்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவேன். உடம்பு முடியாதவனுக்குப் பொழுது போகவில்லை, அதனால் கேட்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

கோயம்புத்தூர்க்காரருக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். குழாயைப் பற்றி, தகட்டைப் பற்றி, போல்ட்டுகளை மாட்டிய ஆளைப் பற்றி, எல்லாம். கையெழுத்தும் போட்டாயிற்று. அவருக்குச் சொல்ல ஒரு பக்கம் போதுமாக இருந்தது.

உன் வண்டியில் அந்த போல்ட்டுகளை மாட்டியவன் நான்தான், மாப்ளே. உனக்குத் தெரியும் என்று தெரிந்த பிறகும், இதை உன்னிடம் என் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.