அப்பாவுக்கு வரப்போகும் வாழ்த்து

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜிப்ரால்டரில் நான் நலம். அங்கே கிரிம்ஸ்பியில் குளிர் எப்படி? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் ஆன்லைன் சூதாட்டக் கம்பெனியின் தலைவி பிலிப்பாவுக்கு இந்த வருடச் சம்பளம் பல கோடி பவுண்டாம். அந்தச் சந்தோஷத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு கேக் துண்டு. பக்கத்து மேசை டெரனுக்கு வாய் சும்மா இருக்காது, கேக் வெட்ட வந்த பிலிப்பாவிடமே கேட்டுவிட்டான்.

"நீங்க ஒரு தடவையாவது பந்தயம் கட்டியிருக்கீங்களா மேடம்?"

"எனக்கென்ன பைத்தியமா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நம் வீட்டு டீத்தூள் ஒரு பொட்டலம் அனுப்புங்கள். இங்கே தனியாகக் குடிக்கும் டீ வாயில் வைக்க விளங்கவில்லை.

இடைவேளை முடியப்போகிறது, முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவைப் போலச் சூதாட்டத்தை விட்டவர்களை மறுபடி இழுக்க, பிறந்தநாளன்று இலவசமாக ஒரு பந்தயம் கட்டும் சலுகையோடு வாழ்த்து அனுப்புவது எங்கள் வழக்கம். அவர் பெயரை நீக்கச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை, பிறந்தநாளன்று, அவர் எழுவதற்குள் போனில் அதை அழித்துவிடுங்கள். "உங்களை நாங்கள் மறக்கவில்லை" என்று தொடங்கும்.

அந்த வரியை எழுதியது நான்தான் அம்மா.

ஜெம்மா