எட்டாவது ஜாயின்ட்

செப். 30, செவ்வாய்
புழுக்கம். காலையிலிருந்து நண்பன் தில்லியின் ஷெட்டில், அவன் ரேஸ் காருக்குள் கம்பிக்கூண்டு வேலை. கார் கவிழ்ந்தால் அவன் தலை நசுங்காமல் காப்பது இதுதான். மொத்தம் எட்டு ஜாயின்ட்.
ஏழு – முடிந்தது. ✓
எட்டாவது (பின்கால், வலது) – டாக் மட்டும். நிற்பதற்கு இரண்டு பொட்டு. முழுசாகப் பற்றவைக்கவில்லை.
நாலு மணிக்கே தில்லி துடைப்பத்தோடு வந்துவிட்டான். "போதும் பாய். நாளைக்கு பூஜை, மெஷின தொடச்சி வெக்கணும்."
வீட்டுக்காரி ரஹ்மத்துக்கு இருமல் மருந்து. மறக்கக் கூடாது.

அக். 1, புதன்
ஆயுத பூஜை. வெல்டிங் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. இன்று எதையும் தொடக் கூடாது. பதினைந்து வருடமாக நானும் தொடுவதில்லை. பொரி, சுண்டல், ரஹ்மத்துக்கு இரண்டு முழம் மல்லி. நல்ல தூக்கம்.

அக். 3, வெள்ளி
நேற்று காசிமேட்டில் விசைப்படகு வேலை, அவசரம். ஷெட்டுக்கு இன்றுதான் போனேன். கூண்டு முழுக்கச் சிவப்பு பெயின்ட்! தில்லியே அடித்திருக்கிறான். பளபளவென்று ஜோர். என்னமோ மறந்த மாதிரி ஒரு நினைப்பு. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது, ஓடினேன்.

அக். 9, வியாழன்
தூறல். காரை எண்ணூருக்குக் கொண்டுபோய் விட்டோம். காலி கன்டெய்னர் யார்டு. டயர் அடுக்கி, முட்டை வடிவத்தில் சின்னதாக ஒரு பாதை. ஞாயிறு ரேஸ், முப்பது சுற்று. பழைய கார்கள் பன்னிரண்டு.
பரிசோதகர் கூண்டைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். "யார் வெல்டிங்?"
தில்லி என் தோளில் கைபோட்டான். "நம்ம பாய் சார். கண்ண மூடிகினு ஏறி குந்தலாம்."
சீல் வைத்தாயிற்று. இனி கூண்டில் கைவைத்தால் கார் போட்டியிலேயே இல்லை.
வீட்டுக்கு வந்து, மருந்து வாங்கிய தேதி பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன். 30-ஆம் தேதி பக்கம். எட்டாவதை நான் முடிக்கவே இல்லை. பெயின்டுக்கு அடியில் வெறும் இரண்டு பொட்டு.

அக். 10, வெள்ளி
சோறு இறங்கவில்லை. ரஹ்மத் துருவித் துருவிக் கேட்டதில் சொல்லிவிட்டேன்.
"ஒங்க பேரு பெருசா, அவரு உசுரு பெருசா? எய்ந்து போய் சொல்லிட்டு வாங்க."
சொன்னால் ரேஸ் போச்சு. ஒரு வருடமாக இதையே பேசிக்கொண்டிருப்பவன். என் பேரும் போச்சு. எது முதலில் நினைவுக்கு வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அக். 11, சனி
போனேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஹெல்மெட் துடைத்துக்கொண்டிருந்தான்.
"இன்னா பாய், மூஞ்சி ஒரு மாரி கீது?"
"ஒண்ணுமில்ல."
"இன்னாவோ சொல்ல வந்த மாரி கீதே."
"பின் டயர்ல காத்து பாத்துக்க."
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "சரி பாய்" என்றான். கோழை நான். வேறு வார்த்தை இல்லை.

அக். 12, ஞாயிறு
ரேஸ் நாள்.
பதினெட்டாவது சுற்று. திருப்பத்தில் மாத்தூர்க்காரன் கார் தில்லி காரின் பின்பக்கம் இடித்தது. இரண்டு உருட்டு. தலைகீழாக நின்றது. கூட்டம் "ஏய் ஏய்" என்று கத்தியது. நான் டயர் வேலியைத் தாண்டி ஓடினேன். செருப்பு எங்கே விழுந்ததோ. யா அல்லா, யா அல்லா, அது ஒன்றுதான் வாயில்.
உயிரோடு இருக்கிறான். தோள்பட்டை எலும்பு முறிவு, அவ்வளவுதான். கூண்டு நிற்கிறது.
ஆம்புலன்ஸ் போன பிறகு குனிந்து பின்கால் வலதைப் பார்த்தேன். பெயின்ட் உதிர்ந்திருந்தது. உள்ளே சுற்றிலும் பற்றவைப்பு. மேடும் பள்ளமுமாக, காக்கா எச்சம் போல. ஆனால் முழுசாக. என் கை வேலை இல்லை.

அக். 13, திங்கள்
மழை. தில்லி வீடு. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அவன் மனைவி டீ வைக்க உள்ளே போனதும் கேட்டேன்.
"எட்டாவது ஜாயின்ட்…"
"நான்தான் பத்த வெச்சேன். பெயின்ட் அடிக்கசொல்லோ பாத்தேன், ரெண்டு பொட்டுதான் இருந்துச்சு. கலீஜா பண்ணிட்டேன் இல்ல?"
"என்கிட்ட ஏன் சொல்லல?"
"நீ மறந்துட்டேன்னு தெரியும் பாய். அது பரவால்ல. சனிக்கிழம வந்து குந்துன பாரு, அன்னிக்கு உனுக்கு ஞாபகம் வந்துடுச்சின்னு மூஞ்சிலயே தெரிஞ்சிது. இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்."
அன்று நான் டயரில் காற்றுப் பார்க்கத்தான் சொன்னேன்.