மேல்கொக்கியில் கட்டிய கயிறு

ஜனவரி 9, வெள்ளி. தருமபுரம்.

பனி. எட்டு மணிவரை எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. கல்லூரிக்கு அரைநாள் விடுப்பு. மைத்துனன் பாஸ்கர் மீதான குறைகள், தேதிவாரியாக. ஞாபகத்தை நம்பக்கூடாது, எழுத்தில் இருக்கவேண்டும்.

1. நவம்பர் 23. அரசலாற்றில் அவன் விடும் விசைப்படகின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் உலோக வளைவு. எல்லோரும் அதை டவர் என்கிறார்கள். அதன் உச்சிக் கொக்கி, பலகைமேல் நின்று சறுக்கும் ஒற்றை ஆளை இழுப்பதற்கு. அதில் நான்கு பேர் உட்காரும் காற்றடைத்த டியூபைக் கட்டி இழுத்தான்.

2. டிசம்பர் 14. படம் எடுப்பதற்காக இரண்டு இளைஞர்களை ஓடும் படகின் டவர்மேல் ஏறி உட்கார விட்டான்.

3. டிசம்பர் 25. டவர் உச்சியில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஏற்கெனவே தலை கனத்த படகு.

4. டிசம்பர் 28. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து டியூபைக் கவனிக்கவேண்டியது என் மகள் மதுவின் வேலை. அவளை டிக்கெட் கிழிக்க அனுப்பிவிட்டுப் படகை எடுக்கச் சொன்னான். தண்ணீரில் விழுந்த பெண்ணை யாரும் பார்க்கவில்லை. கரையிலிருந்தவர்கள் கத்தித்தான் படகு திரும்பியது.

5. ஜனவரி 4. கரையோர அம்மன் கோயிலுக்கு நேரே, வேகம் குறையாமல் வலப்பக்கம் ஒடித்துத் திருப்பம். படகு சாய்ந்ததைக் கரையிலிருந்து கண்ணால் பார்த்தேன்.

6. ஜனவரி 5. கேட்டதற்கு அவன் சொன்னது: “நீங்கதான அத்தான் கையெழுத்து போட்டீங்க?”

ஆறாவது உண்மை. அதனால்தான் இந்தப் பட்டியல்.

ஜனவரி 10, சனி.

காலை படகுத்துறை. காற்று இல்லை. தண்ணீர் மட்டம் இன்னும் இறங்கவில்லை.

டிக்கெட் மேசைக்கு மேல் பலகை. ‘பரிசோதிக்கப்பட்டது’ என்பதற்குக் கீழே என் பெயர், பட்டம், இயந்திரவியல் துறைத் தலைவர் என்ற பதவி. எழுத்து சிவப்பில். ஒரு தகப்பன் தன் குழந்தைக்கு அதைப் படித்துக்காட்டினான்: “பாத்தியா, ப்ரொபசரு செக் பண்ணிருக்காரு. பயப்படாத.”

அக்டோபரில் நான் பார்த்தபோது படகு தரையில், வண்டிமேல். ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்து முறுக்கிப் பார்த்தேன். குறையில்லை. டவரின் இடக்காலில் அம்பகரத்தூர் காளியம்மன் படம் ஒட்டியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு அனுமதிக்கான சான்றிதழில் கையெழுத்து.

நேற்றிரவு மதுவின் கைபேசியில் படகு வந்திறங்கிய அன்று எடுத்த படங்கள். அதே இடக்கால், அதே உயரம். அம்மன் இல்லை. மஞ்சள் நிற எச்சரிக்கை. பெரிதாக்கிப் படித்தேன்: டியூப் இழுக்கக்கூடாது. ஒருவருக்கு மேல் இழுக்கக்கூடாது. மேலே ஏறக்கூடாது. இழுக்கும்போது ஒடித்துத் திருப்பக்கூடாது. நான்கே வரி. அந்த நான்கு வரியைத்தான் நான் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பாஸ்கரிடம் கேட்டேன்.

“மஞ்ச ஸ்டிக்கரு அசிங்கமா இருந்துச்சு அத்தான். வர்ற சனம் அதப் படிச்சா ஏறுமா?”

“அந்தத் திருப்பம்?”

“சாமிய வலம் வர்றது தப்பா?”

“தப்பில்ல. டியூபக் கழட்டிவிட்டுட்டு வலம் வா.”

சிரித்தான். மேசையிலிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு.

மனைவி வசந்தாவுக்குச் செய்துகாட்டினேன். துணி ஊறவைக்கும் அன்னக்கூடையில் தண்ணீர். எவர்சில்வர் டிபன் டப்பா படகு. நடுவில் மெழுகில் நிறுத்திய ஊதுவத்திக் குச்சி, டவர்.

நூலை டப்பாவின் விளிம்பில், கீழே கட்டிப் பக்கவாட்டில் இழுத்தேன். டப்பா திரும்பியது; மிதந்தது. அதே நூல் குச்சியின் உச்சியில். அதே விரல், அதே இழுப்பு. கவிழ்ந்தது.

“டப்பா கவுந்துச்சுங்க. படகு பெருசு.”

பெரிதுதான். ஆனால் அந்தத் திருப்பத்தில் மூன்று பாரங்கள் ஒன்றாக வலப்பக்கம் சேர்கின்றன. ஒன்று, வளையும் படகு தானே உள்பக்கம் சாயும். இரண்டு, பின்னால் வரும் டியூப் இன்னும் திரும்பியிருக்காது. கயிறு வலப்பக்கமாக, உச்சியைப் பிடித்து இழுக்கும். மூன்று, கோயில் வலப்பக்கம். படகிலுள்ள அத்தனை பேரும் கும்பிட அந்தப் பக்கம் எழுந்து போவார்கள். மூன்றாவது எந்த நாட்டுப் புத்தகத்திலும் இருக்காது.

வசந்தா தண்ணீரைக் கொட்டினாள். “வியாழக்கெழம தம்பி பொங்க வரிச கொண்டாருவான். அன்னைக்கு இந்தப் பேச்ச எடுக்காதீங்க.”

சமையலறை வரை போய்த் திரும்பி வந்தாள்.

“மது எங்க உக்காருவா?”

“பின்னால. கயித்துக்கு நேர் கீழ.”

மறுபடி சமையலறைக்குப் போனாள். சாம்பாரில் உப்பு இரண்டு முறை.

ஜனவரி 13, செவ்வாய்.

கல்லூரி வாசலில் அஞ்சப்பன். பாஸ்கரின் படகை ஓட்டுபவர், மண்டபத்தூர்க்காரர். கடலில் முப்பது வருடம். போன வாரம் எல்லோர் முன்னும் என்னைப் பார்த்து “கடலுக்கு ஏது சார் காலேஜு?” என்றவர். இன்று டீக்கடைக்குள் வர மறுத்து, வேப்பமரத்தடியில்.

“சார், வலையப் பாய்மரத்து உச்சியில கட்டி எந்த மடையனும் இழுக்கமாட்டான். எங்க ஊருல சின்னப் புள்ளைக்கும் தெரியும்.”

“அப்புறம் நீங்க ஏன் இழுக்கிறீங்க?”

“ஓனரு சொல்றாரு. மேல கட்டுனா டியூப்பு துள்ளுது, சனம் கத்துது. அந்தக் கத்தலக் கேட்டுத்தான் அடுத்த சனம் டிக்கெட் எடுக்குது. காணும் பொங்கலுக்குக் கேக்கவே வேணாம்.”

“இத எழுதித் தருவீங்களா?”

“பேரு போடாதீங்க சார். பொங்க கழிச்சு நான் கடலுக்கே போயிடுறேன். அது பத்தரமான எடம்.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். போகும்போது திரும்பாமலே சொன்னார்: “பாப்பாவ மட்டும் சனிக்கெழம வரவேணாம்னு சொல்லுங்க.”

மதுவை மட்டும். மற்றவர்கள்?

வேறு: வெல்லம் ஒரு கிலோ, மின்கட்டணம், மூக்குக்கண்ணாடித் திருகு.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்.

வெயில். பானை கிழக்கே பொங்கியது; வசந்தாவுக்குத் திருப்தி.

பத்து மணிக்கு பாஸ்கர். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, அக்காளுக்குப் புடவை. மதுவுக்கு ஒரு கைக்கடிகாரம், தண்ணீர் புகாதது. அவன் மடியில் உட்காரவைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். அதை மறக்கவில்லை. மறந்திருந்தால் அக்டோபரிலேயே ஒழுங்காகப் பார்த்திருப்பேன்.

 தாம்பூலத்துக்குப் பிறகு கடிதத்தைக் கொடுத்தேன். ஆறு குறைகள், இரண்டு பக்கம்.

“நல்ல நாளும் அதுவுமா நோட்டீஸா அத்தான்?” வரிசைத் தட்டில் மஞ்சள் கொத்துக்கு அடியில் செருகினான். “பாத்துக்கலாம். சனிக்கெழம நீங்களும் வாங்க. டவரு ரெண்டு கால்லயும் கரும்பு கட்டி ஜோடிக்கப்போறேன்.”

“மது வரமாட்டா.”

“அப்பா!” என்றாள் மது. “மாமா இருக்கறப்ப எனக்கு என்னப்பா?”

“அப்படிச் சொல்லுடி என் தங்கம்” என்றான்.

அவன் போனபின் பார்த்தேன். கடிதம் தட்டிலேயே. முதல் பக்கத்தில் மஞ்சள் கறை.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்.

காலையெல்லாம் மது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. தெருவில் மாட்டுக்கொம்புப் பெயிண்ட் வாசனை.

மாலை நான்கு. மது கறை படிந்த கடிதத்தோடு என் மேசைக்கு எதிரே.

“அஞ்சாவது தப்பா எழுதியிருக்கீங்க.”

“எது தப்பு?”

“சாஞ்சுதுன்னு மட்டும் போட்டிருக்கீங்க. தண்ணி உள்ள வந்துச்சு. எனக்குக் கணுக்கால் வரைக்கும். சீட்டுமேல ஏறிக் கயித்தக் கழட்டப் பாத்தேன், இறுகிக்கிச்சு, அசையல. அஞ்சப்பண்ணன் வேகத்தக் கொறச்சதாலதான் நிமிந்துச்சு.”

பன்னிரண்டு நாள். இதே வீட்டில், இதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு.

“ஏம்மா சொல்லல?”

“நீங்க கையெழுத்து போட்ட படகுப்பா. எனக்குத்தான் பயந்து ஏதோ தப்பாத் தெரியுதுன்னு நெனச்சேன்.”

எழுந்துபோய் முகம் கழுவி வந்தேன். பேனாவைக் கொடுத்தேன். கறைக்குக் கீழே ஏழாவதை அவளே எழுதிக் கையொப்பமிட்டாள். வசந்தா கதவோரம் நின்றிருந்தவள் கேட்டாள்: “அவன்கிட்ட யாரு கொண்டுபோய்க் கொடுக்கறது?” யாரும் பதில் சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள். தம்பி வீட்டுக்கு அவளே போகிறாளாம்.

அவள் கிளம்புமுன் கடைசிப் பத்தியை மாற்றினேன். இங்கே நகல்:

“டியூபைப் படகின் பின்பக்க அடிவளையத்தில் மட்டுமே கட்டுவாய் என்றும், டவரில் ஆள், ஸ்பீக்கர், கரும்பு எதையும் ஏற்றமாட்டாய் என்றும், பின்பக்கம் பார்த்து ஒருவர் இல்லாமல் படகை எடுக்கமாட்டாய் என்றும், கோயில் எதிரே டியூபோடு திருப்பமாட்டாய் என்றும், அம்மன் படத்தை உரிய மரியாதையுடன் வேறிடத்தில் வைத்து, அந்த மஞ்சள் எச்சரிக்கையை எல்லோரும் படிக்கும்படி மீண்டும் ஒட்டுவாய் என்றும் உறுதியளிக்கவேண்டும். அக்டோபரில் நான் இட்ட கையொப்பம் தவறு. அதைத் திரும்பப் பெறும் கடிதம் எழுதி உறையிட்டு வைத்திருக்கிறேன். நாளை, ஜனவரி 17 சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குள், முதல் படகு புறப்படுமுன், உன் கையால் எழுதிய பதில் எனக்கு வரவேண்டும். வராவிட்டால் ஏழரைக்கு அந்த உறை உனக்கு அனுமதி கொடுத்த அலுவலரின் வீட்டிலும், நான் உன் டிக்கெட் மேசைக்கு மேலுள்ள பலகையில் என் பெயரை அடித்துக்கொண்டும் இருப்போம். ‘பாத்துக்கலாம்’ என்பது பதிலாக ஏற்கப்படாது.”