ஊசி போட்ட கை

வல்லத்திராக்கோட்டை,
புரட்டாசி, 2020.

அன்பு மகள் வைஷ்ணவிக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பதில் இரண்டு பேருக்குமே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டுச் செவந்தியின் மருமகன் உன் மஸ்கட்டுக்கே திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் நீ அழுகிறாய், நான் மழை பெய்த கதை சொல்கிறேன். உனக்குக் கோபம் வருகிறது. எழுதினால் சண்டை வராது.

நீ நச்சரித்தபடியே புதுக்கோட்டை போய் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். கொரோனாவுக்கு இன்னும் ஊசி வரவில்லை, சர்க்கரை இருக்கிற உடம்பு, சாதாரணக் காய்ச்சலாவது வராமல் இருக்கட்டும் என்றார் டாக்டர். உன் அப்பாவைக் கொண்டுபோனதற்கு ஊசி இல்லை, இது மட்டும் எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். சாவு விழுந்து கேதம் கேட்க வந்தால் நம் பக்கத்துப் பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுவார்கள். நான் எத்தனை வீட்டில் அப்படி அழுதிருக்கிறேன்! நம் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். கட்டுமாவடி அத்தை காரைவிட்டே இறங்கவில்லை. செவந்தி மட்டும் உள்ளே வரப் பார்த்தாள். அங்கிட்டே நில்லுடி, வீட்டுல பேரப்பிள்ளை இருக்கு என்று நானே தடுத்துவிட்டேன். யார் மேலும் குறை இல்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், சீரியல் பார்க்கிறேன்.

ஊசி போட்ட நர்ஸ் பெயர் ஷர்லி. சின்னப் பெண். கையை லூசா விடுங்கம்மா என்று என் தோளைப் பிடித்தாள். அப்பா போன பிறகு என்னைத் தொட்ட முதல் ஆள் அவள்தான். கேதத்துக்கு வந்தவள் என்றே நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவளைக் கட்டிக்கொண்டு தோளில் தலையைச் சாய்த்துவிட்டேன். வலிக்குதாம்மா, இன்னும் போடவே இல்லையே என்றாள். தள்ளிவிடவில்லை. அப்போதும் அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஊசி போட்டு முடித்தும் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே நின்றாள், பாவம்.

மறுநாள் கைவலி போய்விட்டது. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

நீயும் அங்கே தவறாமல் போட்டுக்கொள். உன்னிடமும் யாரும் கேதம் கேட்க வந்திருக்க மாட்டார்கள். நர்ஸ் கையைப் பிடித்தால் சட்டென்று எழுந்து வந்துவிடாதே, சற்று உட்கார்ந்திரு.

விமானம் ஒழுங்காக விட்டதும் வா. கேட்டுக்கு வெளியே நிற்காதே, கை கால் கூடக் கழுவ வேண்டாம், நேரே உள்ளே வா. அதுவரை என் அழுகையை அழாமல் வைத்திருக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா ராஜலட்சுமி