ஜன்னல் வழியாக நீ தந்த சாவி

அம்மா, என் தங்க மரியபுஷ்பம்,

உயிரோடு இருந்தபோது இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாய். இப்போது கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறாய் என்ற தைரியம்தான்.

முதலில் ஊர்ச் செய்தி. வண்டிப்பெரியாரில் லயத்து வரிசையில் இருந்த நம் வீட்டை எஸ்டேட் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம். நீ போன பிறகு எஸ்டேட் வேலைக்கு நம் வீட்டில் ஆளில்லை. தம்பி அந்தோணிதான் ஆபீஸில் சாவியை ஒப்படைத்தான்.

நான் பாலக்காட்டில் அதே வேலையில் இருக்கிறேன். வழக்கில் மாட்டிய பெண்பிள்ளைகளை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இல்லம், நான் அங்கே கேர்டேக்கர். அது ஜெயிலா, ஆஸ்டலா, ஒன்றைச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். இரண்டும் இல்லை என்றால் நம்பவேமாட்டாய்.

சமீபத்தில் எங்களை உட்காரவைத்து விதிகளை மறுபடி சொன்னார்கள். பிள்ளைகளைக் கட்டக்கூடாது, விலங்கு போடக்கூடாது, தண்டனை என்று தனியறையில் பூட்டக்கூடாது. தன்னையோ அடுத்தவரையோ காயப்படுத்தப் போனால் பிடிக்கலாம். ஆபத்து நீங்கியதும் கையை எடுத்துவிடவேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்தபோது உன் ஞாபகம்தான் எனக்கு. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது எங்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவாயே. அடுப்புப் பக்கம் தவழ்ந்து போகாமலிருக்க தம்பியைப் பழைய சேலையால் கட்டில் காலில் வேறு கட்டிவைப்பாய். எங்கள் விதிப்படி உன்மேல் இரண்டு கேஸ் போடலாம் அம்மா.

இங்கே சுகந்தி என்று ஒருத்தி இருக்கிறாள். நிஜப் பெயர் அதுவல்ல. அதைச் செத்தவர்களிடம்கூடச் சொல்லக்கூடாது. பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்கிறவளின் மகள். போன வாரம் வீட்டார் வந்து பார்க்கும் நாள். எல்லோருக்கும் ஆள் வந்தது, இவள் அம்மா வரவில்லை. மத்தியானம் சோற்றுத் தட்டை வீசி ஜன்னலை உடைத்தாள். கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நானும் கூட வேலை பார்க்கும் லீலா சேச்சியும் சேர்ந்து பிடித்தோம். துண்டை வாங்குவதற்குள் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். நல்ல பல். சேச்சி கெட்டவள் இல்லை, பழைய ஆள், அவ்வளவுதான். துப்பட்டாவால் கையைக் கட்டி, மெத்தைகள் அடுக்கியிருக்கும் அறையில் கொஞ்ச நேரம் பூட்டிவைத்தால் தானே அடங்கிவிடும், முன்பெல்லாம் அப்படித்தான் என்றாள். அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. கடிபட்ட எரிச்சலில் என் கையும் அதற்குத்தான் போனது.

சாவியைத் தொட்டதும் நீ வந்து நின்றாய். நான் அதை எடுக்கவில்லை. அவளை அந்த அறைக்கே கூட்டிப்போனேன், சத்தமில்லாத இடம் அது ஒன்றுதான். கதவைத் திறந்துபோட்டு நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "பூட்டீட்டுப் போயிருங்க்கா. எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க."

"எங்கம்மாவும் பூட்டுவா. ஆனா சாவிய ஜன்னல் வழியா எங்கையில தந்துட்டுத்தான் வேலைக்குப் போவா."

தீ கீ பிடித்தால் பக்கத்து வீட்டு ராக்கேல் அத்தையிடம் அதை நீட்டச் சொல்லியிருந்தாய் அல்லவா, அதையும் சொன்னேன்.

"அப்பறம் எதுக்குங்க்கா பூட்டோணும்?"

எதற்கு அம்மா? தம்பி ஓடைப் பக்கம் போய்விடுவான் என்றா? கண்டவன் உள்ளே நுழைந்துவிடுவான் என்றா? நீ இருக்கும்போது கேட்கத் தோன்றவில்லையே.

அவளே அடுத்ததையும் கேட்டாள். "உங்கம்மா வராம உட்ருவாங்கன்னு பயமா இல்லீங்களா?"

"சாவி எங்கையிலதான இருந்துச்சு. நான் தராம அவ எப்படி வீட்டுக்குள்ள வர முடியும்? வந்துதான ஆகணும்."

அப்போதுதான் அழுதாள். என் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதை உன்னிடம் மறைப்பானேன்.

மறுநாள் சூப்பிரண்டிடம் நடந்ததைச் சொல்லி, அந்த அறையின் தாழ்ப்பாளையே கழற்றிவிடக் கேட்டேன். ஆசாரி வந்து கழற்றிவிட்டார். கதவில் ஆணி இருந்த துளைகள் மட்டும் இருக்கின்றன. ஒருநாள் இதனால் வம்பு வரும் என்கிறாள் சேச்சி. வரலாம். ஆனாலும் என் கைக்கு மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டதும் அவள்தான்.

சுகந்தியின் அம்மாவுக்குப் போன் செய்தேன். மகளைக் கட்டிப்போட்டிருப்பார்கள், அந்தக் கோலத்தில் பார்க்க மனசு துணியவில்லை என்று அழுதாள். "கட்டல, பூட்டல. நீங்களே வந்து பாருங்க" என்றேன். அன்றைக்குச் சேச்சியின் பேச்சைக் கேட்டிருந்தால் எந்த முகத்தோடு இதைச் சொல்லியிருப்பேன்? வருகிறேன் என்றிருக்கிறாள். வருவாளா அம்மா?

நாளை மறுபடி வீட்டார் வரும் நாள். சுகந்தி இப்போதே தலைக்குக் குளித்துவிட்டு அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் அம்மா வரும்வரை அந்த நிலைப்படியில் நான் இருப்பேன். என் பொறுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையும் பூட்டுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து தன் ஆளுக்காகக் காத்திருக்காது.

சாவியைப் பொத்திப் பிடித்தபடி ஜன்னலில் நின்று உன் வழி பார்த்த மூத்தவள்,
செல்வமேரி