மிஷ்மிஷின் இடது கண்

ஜனவரி 9
அம்மான் நகரில் மழை விடவில்லை. ஒரு கல்யாண கவுனுக்கு முத்து வைத்து முடித்தேன். என் மகன் கஸ்ஸானின் பாம்பு மூன்று நாளாகச் சுருண்டே கிடக்கிறது. மிஷ்மிஷாம், ஆப்ரிகாட் பழ நிறமாம். பாம்புக்குப் பெயர் ஒரு கேடு. அவன் அறையில் குளிர் எலும்பைத் துளைக்கிறது. பாவம் என்று கண்ணாடித் தொட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து மண்ணெண்ணெய்க் கணப்பை ஒட்டி வைத்தேன். பனிக்காலத்தில் இந்த ஊரே அதைச் சுற்றித்தானே கிடக்கிறது.

ஜனவரி 14
கண் இரண்டும் பால் படிந்தது போல் வெளுத்துவிட்டன. கஸ்ஸானோடு வாடகை அறையில் இருந்த ஃபிராஸுக்குப் போன் செய்தேன். "சட்டை உரிக்கப் போகுது, உம்மு கஸ்ஸான். தொடாம விட்டுடுங்க."
கஸ்ஸானின் தாய். இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மகன் போனாலும் பெயர் போகாது போலிருக்கிறது.

ஜனவரி 22
சட்டை முழுசாக உரியவில்லை. வெங்காயச் சருகு மாதிரி துண்டு துண்டாக வருகிறது. கண்களில் பழைய செதில் அப்படியே ஒட்டியிருக்கிறது.
அக்கா நவால் வந்தாள். "பாம்புக்குப் பால் வார்க்கிறியா? புள்ளைய வீட்டைவிட்டு ஓட்டினதே இந்தச் சனியன்தான்டி."
ஓட்டியது பாம்பு இல்லை. நான். செப்டம்பரில் பாம்புத் தொட்டி வைக்க அவன் கேட்டது இவ்வளவுதான்: "உன் தையல் மெஷின் பக்கத்துல ஒரு மூலை போதும் யம்மா." இடமில்லை என்றேன். அதுவா நானா, முடிவு பண்ணு என்றேன். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அக்டோபரில் விமான நிலையச் சாலையில் லாரி மோதியது. வாடகை அறையிலிருந்து அவன் பெட்டிகளோடு பாம்பு மட்டும் வீடு திரும்பியது.
இதையும் சாகவிட்டால் நான் எந்த முகத்தோடு —

ஜனவரி 23
தப்புப் பண்ணிட்டேன். பாவி நான். முப்பது வருஷமா இழை பிரிக்கிற கைதானேன்னு ஒரு திமிர். இடுக்கியால இடது கண் செதிலப் பிடிச்சு இழுத்தேன். வந்துச்சு. கூடவே ரத்தமும்.
ஏன்டி உனக்கு இந்த அவசரம்? அவன்கிட்டயும் இதே அவசரம்தானே?

ஜனவரி 24
கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார்: "அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை இல்லம்மா."
ஃபிராஸ் வேலை முடிந்து வந்தான். கணப்பருகே தொட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான். "குளிரக் கூடாதுன்னு காய வச்சுட்டீங்களே! அதுக்கு ஈரம் வேணும். விடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."
"இன்னொரு தடவை இது இந்த வாசலத் தாண்டாது" என்று கத்திவிட்டேன். அவன் தொட்டியைக் கணப்பிலிருந்து தள்ளி வைத்தான். செய்ய வேண்டியதைச் சொன்னான். பருப்பு சூப் குடித்துவிட்டுப் போனான்.

ஜனவரி 25
வெதுவெதுப்பான தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, அதற்குள் மிஷ்மிஷை விட்டேன். தானாக ஊர வேண்டும், நான் இழுக்கக் கூடாது. இழுக்கவில்லை.

ஜனவரி 26
அதேதான். கொஞ்சம் வயிற்றுப் பக்கம் உரிந்தது.

ஜனவரி 28
வலது கண் செதில் துண்டோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே கருமணி போலக் கண். என்னைப் பார்த்தது. அந்த ஈரத் துண்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அடக்கம் செய்த அன்று வராத அழுகை.

பிப்ரவரி 10
மிஷ்மிஷ் எலியைத் தின்றது! ஃப்ரீசரில் கீரைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்தான் எலிகள். நவால் இனி என் வீட்டில் கை நனைக்க மாட்டாளாம். நல்லது.

மார்ச் 19
கணப்பைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. மிஷ்மிஷ் காலையில் சட்டை உரித்தது. தலை முதல் வால் வரை ஒரே துண்டு. கஸ்ஸான் தேதி எழுதிப் பத்திரப்படுத்தியிருந்த கடைசிச் சட்டையை எடுத்து, இரண்டையும் அளவு நாடாவால் அளந்தேன். நான்கு விரற்கடை கூடுதல். அவன் இல்லாமலே வளர்ந்திருக்கிறது.
தொட்டியைத் தையல் மெஷின் பக்கத்து மூலைக்கு நகர்த்தினேன். நாற்காலி இடிக்கவில்லை. துணி விரிக்க முடிகிறது.
இடம் இருக்கிறது. அப்போதும் இருந்தது.